டார்வினிலிருந்து குனுனுராவுக்கு ஒரு மணி நேரம்

பயணச்சீட்டில் பிழை இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். டார்வினில் 11.50க்குப் புறப்படும் விமானம் குனுனுராவில் 11.25க்குத் தரையிறங்கும் என்று அதில் போட்டிருந்தது. டார்வின் வைத்தியசாலையின் நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு விமானக் கம்பனியின் இலக்கத்துக்கு எடுத்தேன். எவ்வளவு நேரப் பயணம் என்று கேட்டேன். ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் என்றான் மறுமுனையில் இருந்தவன். அப்படியென்றால் புறப்படுவதற்கு முன்னரே எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டதும் அவன் சிரித்தான். "யூ ஆர் கெயினிங் டைம், லவ்" என்றான், உங்களுக்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதுபோல். எனக்குக் கூடுதல் நேரம் தேவையில்லை, சரியான நேரம் தந்தால் போதும் என்று நான் சொல்ல, அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு இன்னும் பெரிதாகச் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். உள்ளே கட்டிலில் படுத்திருந்த தம்பியிடம் போய்ச் சொன்னேன். "பிழையில்லை அக்கா, அங்கத்தை மணிக்கூடு ஒண்டரை மணித்தியாலம் பிந்தி" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அவுஸ்திரேலியா என்றால் சிட்னி, அல்லது மெல்பேண். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இருபத்தைந்து வருடங்களாக டூங்கபியில் இருக்கிறேன். பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, தட்டுகளில் அடுக்கும் வேலை. ரயிலில் போய் ரயிலில் வருவேன். சனிக்கிழமைகளில் பென்டில் ஹில்லில் மரக்கறி வாங்குவேன். இந்த நாட்டின் வடக்குப் பக்கத்தை வானிலை அறிக்கையின் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னுடைய ஒரே தம்பி சிவநேசன், அந்தப் படத்தின் மேல் விளிம்பில், மேற்கு அவுஸ்திரேலியாவின் வடகோடியில் குனுனுரா என்ற சிறு நகரத்தில், முலாம்பழமும் பூசணியும் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் பதினொரு வருடங்களாக வேலை செய்துகொண்டிருந்தான். பதினொரு வருடத்தில் ஒரு தரமும் நான் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். "சரியான தூரம்."

அந்தப் பதிலை உடைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. ஜூலை மாதக் குளிரில், வேலை இடைவேளையில், பல்லோடு பல் அடிக்க வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கம். தன் பெயர் லின் என்றும், நேசன் வேலை செய்யும் கொட்டகையின் மேற்பார்வையாளர் என்றும் ஒரு வயதான பெண்குரல் சொன்னது. பிறகு, "நெஸ் இஸ் கான், லவ்" என்றது. கான். போய்விட்டான். இந்த நாட்டில் செத்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். அந்தப் பெண் தொடர்ந்து கதைத்துக்கொண்டே இருந்தார். கொட்டகையில் வைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும், ஆம்புலன்ஸ் விமானம் வந்ததும், டார்வினுக்குக் கொண்டுபோய்விட்டதும் மெல்ல மெல்ல என் காதில் ஏறின. டார்வினுக்குத்தான் போயிருக்கிறான். உயிரோடு போயிருக்கிறான். "இட்ஸ் ஒன்லி ஆன் அவர்" என்று லின் எனக்கு ஆறுதல் சொன்னார். ஒரு மணித்தியாலம்தானே. நான் அழுதுகொண்டு நன்றி சொன்னேன். உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். அது பாதி உண்மை.

சிட்னியிலிருந்து டார்வினுக்கு நாலரை மணித்தியாலப் பறப்பு. கீழே சிவப்பு மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு நிலம் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கோ வேறொரு விமானம்தான் நினைவில் ஓடியது. கலியாணம் பேசி, சிட்னிக்கு வரவென்று நான் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பறந்த நாள். அதுவும் வடக்கில் ஒரு சின்ன விமான நிலையம்தான். அதுவும் ஒரு மணித்தியாலப் பறப்புத்தான். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்காக அனுமதிக் கடிதத்துக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்று, பயணிகளைக் கூட்டும் இடத்துக்கு விடிய முன்னமே போய், பெட்டியைத் திறந்து திறந்து காட்டி, பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் விமானத்தைக் காணவே முடியாது. என் சூட்கேசைச் சைக்கிள் கரியரில் கட்டி உழக்கிக்கொண்டு வந்தவன் நேசன்தான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, அங்க போனாப் பிறகு என்னை எடுப்பீங்கள்தானே?"

"எடுப்பன்" என்றேன்.

எடுப்பது என்றால் எங்களுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாடு போன ஒருவர் மற்றவரைக் கைகொடுத்துத் தூக்கி எடுப்பது. நான் எடுக்கவில்லை. முதலில் வழி இருக்கவில்லை. கூடப்பிறந்தவர்களை எடுப்பது லேசில்லை என்று இரண்டு ஏஜென்டுமார் சொன்னார்கள். பிறகு அம்மாவும் அப்பாவும் இறந்துபோனார்கள். வன்னிக்கு வேலைக்குப் போன நேசன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் அதற்குள் அகப்பட்டான். முள்வேலி முகாமிலிருந்து வெளியே வந்தபின், எனக்குச் சொல்லாமலே படகு ஏறினான். இந்த நாட்டின் வடமேற்கில் ஒரு தடுப்பு முகாமில் இருந்து அவன் பேசியபோதுதான் நாங்கள் இருவரும் ஒரே நாட்டில் நிற்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது.

டார்வினில் அவனைக் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெயிலில் கருகிய முகம், முன்பக்கம் நரைத்த தலை. என் அப்பா கட்டிலில் படுத்திருப்பதுபோல் இருந்தது. "வந்திட்டீங்களோ" என்றான். அவ்வளவுதான். தாதி என்னிடம், நீங்கள் யார் என்று கேட்டாள். அக்கா என்றேன். அவள் கணினியைப் பார்த்தாள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் லின் என்ற பெயர்தான் இருக்கிறது, சகோதரி என்று யாரையும் குறிப்பிடவில்லையே என்றாள். வேற்று முகத்தோடு இல்லை, மன்னிப்புக் கேட்கும் முகத்தோடுதான் சொன்னாள். கடவுச்சீட்டைக் காட்டட்டா என்று கேட்டேன். அதில் எங்கள் அப்பாவின் பெயர்தானே என் பெயருக்கு முன்னால் நிற்கிறது என்றேன். கணவர் பெயரா என்று கேட்டாள். இல்லை, அப்பாவின் பெயர் என்றேன். அப்படியென்றால் எது உங்கள் குடும்பப் பெயர் என்றாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்று சொல்லப்போக, அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, கையைத் தடவிவிட்டாள். குடும்பம் இல்லை என்று விளங்கிக்கொண்டாள் போலிருக்கிறது.

இரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஒரு கிழமைக்கு மேல் அங்கே நின்றேன். வைத்தியசாலைக்குப் பக்கத்தில் குசினியோடு ஓர் அறை எடுத்து, உப்புக் குறைத்துச் சமைத்துக் கொண்டுபோனேன். அவன் சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்றான், வெறும் பாத்திரத்தைத் தானே கழுவித் தந்தான். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிடுகிறவன்போல் நடந்துகொண்டான். வெளியேறும் நாள் நெருங்கியபோது, சிட்னிக்கு இரண்டு சீட்டுப் போடட்டா என்று கேட்டேன். மகள் மதுரா படித்து முடித்து மெல்பேணுக்கு வேலைக்குப் போய்விட்டாள், அவளுடைய அறை சும்மா கிடக்கிறது, கட்டில் மெத்தை எல்லாம் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறேன் என்றேன். தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர விசா கொடுத்தபோது அவனுக்கும் கிடைத்திருந்தது. முன்னர்போல் இன்ன இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. எங்கேயும் இருக்கலாம். "இல்லை அக்கா, நான் குனுனுராவுக்குத்தான் போறன்" என்றான். அடுத்த நாளும் கேட்டேன். அதே பதில். மதுராவைத் தொலைபேசியில் எடுத்து, மாமாவிடம் நீயாவது சொல்லு என்றேன். "லெட் ஹிம் டிசைட், அம்மா" என்றாள். அவரே முடிவெடுக்கட்டுமாம். கடைசியில், அவனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போவதென்று தீர்மானித்தேன். அப்படி வாங்கியதுதான் அந்தப் பிழை போலத் தெரிந்த பயணச்சீட்டு. வான்வழி நானூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். தரைவழி அதைப்போல இரண்டு மடங்கு. சிட்னியிலிருந்து வந்த தூரத்தோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

குனுனுரா விமான நிலையம் எங்கள் டூங்கபி நூலகத்தை விடச் சற்றுப் பெரிது. இறங்கி ஓடுபாதையால் நடந்தே உள்ளே போக வேண்டும். வாசலில் ஒரு பெரிய குப்பைத்தொட்டியும், சீருடை போட்ட ஓர் அதிகாரியும். பழங்கள், மரக்கறி, தேன், செடிகொடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள் வெளி மாநிலத்திலிருந்து அவற்றைக் கொண்டுவர விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. செடிகொடி இல்லை என்றேன். என் பையில் பென்டில் ஹில்லில் வாங்கிக்கொண்டு வந்த கறிவேப்பிலையில் மிச்சமும், நாலு முருங்கைக்காயும் ஈரத் துணியில் சுற்றியபடி இருந்தன. கறிவேப்பிலை எனக்குச் செடி இல்லை, குசினிச் சாமான். நான் மேற்கொண்டு வாயைத் திறக்க முன்னமே நேசன் என் பையைத் திறந்து, அந்தப் பொட்டலத்தை எடுத்து அதிகாரியின் கையில் கொடுத்தான்.

"எறிஞ்சுபோடுவினம் எண்டு தெரிஞ்சுகொண்டே ஏன்ரா குடுத்தனி? இரண்டு நாள் சமைக்கலாமே" என்று தமிழில் கேட்டேன்.

"கூடாது அக்கா. இதோட பூச்சி வந்தா எங்கட பக்கத்துத் தோட்டமெல்லாம் போயிடும்."

எங்கட பக்கம். என் தம்பியின் வாயில் அந்தச் சொல் யாழ்ப்பாணத்தைக் குறிக்காமல் வந்ததை அன்றுதான் கேட்டேன். டூங்கபியில் இருபத்தைந்து வருடம் இருந்தும் எனக்கு அந்தச் சொல் அப்படி வந்ததில்லை. அதிகாரி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வெளியே ஒரு பழைய பிக்கப் வாகனத்தோடு லின் நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும், மெலிந்து உயர்ந்த பெண். அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டி, அவனுடைய பையை வாங்கி வாகனத்தில் போட்டார். எனக்குக் கைகொடுத்து, "யூ மேட் இட்" என்றார், ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்பதுபோல். வழியில், நேசன் தங்கியிருக்கும் இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ரோட்டில் சற்றுத் தள்ளி என்றார். முக்கால் மணித்தியாலம் ஓடினோம்.

கொட்டகைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வரிசை அறைகள். அதில் கடைசி அறை நேசனுடையது. ஒரு கட்டில், ஒரு மேசை, குளிர்சாதனப் பெட்டி, காற்றாடி. சுவரில் அம்மா அப்பாவின் படம் இருந்தது. அது என்னிடம் இருக்கும் அதே படம்தான், ஆனால் மூலையில் தண்ணீர் பட்டுக் கரைந்திருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. வந்து மூன்றாம் நாள் மத்தியானம், காற்றாடிக்குக் கீழே இருந்து அவனுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மனத்தில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

இங்கே நான் உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். பதினொரு வருடங்களுக்கு முன், அவனைத் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட இருந்தபோது ஓர் அலுவலர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். உங்கள் வீட்டில் அவரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். என் கணவர் தடுக்கவில்லை. "உன்ர தம்பி, நீதான் யோசிச்சுச் சொல்லோணும்" என்றார். எங்கள் வீட்டில் ஓர் அறை இருந்தது. தையல் மெசினும் துணி மினுக்கும் பலகையும் வைத்திருந்த அறை. ஒரு நாள் முழுவதும் அந்த அறை வாசலில் நின்று நின்று யோசித்தேன். மகளுக்குப் பரீட்சை வருகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதிகாரிகள் அடிக்கடி வீட்டுக்கு வருவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அவை இல்லை. நான் பயந்தேன். அவன் எதைப் பார்த்துவிட்டு வருகிறான் என்று எனக்குத் தெரியும். கஷ்டப்பட்டு அமைதியாக்கி வைத்திருந்த என் வீட்டுக்குள், அவனுடைய செருப்போடு அதுவும் சேர்ந்து உள்ளே வந்துவிடும் என்று பயந்தேன். அடுத்த நாள், இடமில்லை என்று சொல்லிவிட்டேன். நேசனிடம், உன்னை வடக்கில் விடுவதாக அவர்களே முடிவெடுத்துவிட்டார்கள், நான் கேட்டும் விடவில்லை என்று சொன்னேன்.

இதைத்தான் அவனிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"நீங்கள் இடமில்லை எண்டு சொன்னது. அந்த மனுசன் எனக்குச் சொன்னவர். மொழிபெயர்க்க வந்த ஆள், பாவம், இரண்டு தரம் சொல்லிப்போட்டு என்னைப் பாக்காமல் இருந்தவர்."

"பிறகு நான் போன் எடுத்துக் கதைச்சனே. ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் இன்னொரு பொய் சொல்லோணும். என்னத்துக்கு?"

தோடம்பழச் சாறு என் விரல்களில் பிசுபிசுத்தது. துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பேசியிருக்கிறோம். குளிரா, வெயிலா, சாப்பிட்டியா. அத்தனை நாளும் அவன் தெரிந்துகொண்டே ஓம் அக்கா, ஓம் அக்கா என்று பதில் சொல்லியிருக்கிறான்.

"என்னில கோவமோ?" என்று கேட்டேன்.

கொஞ்சநேரம் யோசித்தான். என்னை ஆறுதல்படுத்துவதற்காக உடனே இல்லை என்று சொல்லாததற்கு இன்றும் அவனை மதிக்கிறேன்.

"முதல் வருசம் சரியான கோவம். இஞ்ச ஆரோடையும் கதைக்காமல் திரிஞ்சனான். லின்தான் ஒருநாள் வந்து, சாப்பிட வா எண்டு கூட்டிக்கொண்டு போனவ. இப்ப கோவமில்லை."

"அப்ப வாவன்ரா. அந்த அறை இனி உன்ரதான்."

"அக்கா," என்றான் மெதுவாக, "அது எனக்கு அப்ப தேவைப்பட்ட அறை."

எழுந்து போய் முகம் கழுவினேன். தண்ணீர் சூடாக வந்தது. அங்கே குளிர்தண்ணீர்க் குழாயிலும் பகலில் சூடாகத்தான் வரும். பின்னேரம் லின் பூசணிக்காய் சூப் கொண்டுவந்தார். என் கண் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, தூசி ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார். ஓம், தூசிதான் என்றேன். உண்மையாகவே நம்பி, அடுத்த நாள் காலை கண்ணுக்கு விடும் துளிமருந்து வாங்கி வந்து தந்தார். நான் அதை விட்டுக்கொண்டேன்.

மிச்ச நாள்களில் நாங்கள் சாதாரணமாகத்தான் இருந்தோம். எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி ஒட்டினேன். லின்னுக்கும் தெரியட்டும் என்று அவன் கீழே ஆங்கிலத்தில் எழுதினான். ஒரு நாள் அவனோடு ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீருக்குக் கிட்டப் போகாதீர்கள், முதலை இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். கொட்டகையில் வேலை செய்யும் ஒருவர் கடந்து போகும்போது, "திஸ் இஸ் மை சிஸ்டர், ஃப்ரம் சிட்னி" என்று அறிமுகப்படுத்தினான். சிட்னியிலிருந்து வந்த அக்கா. நான் சிட்னிக்காரி என்று என்னை முதன்முதலில் சொன்னது என் தம்பிதான். எனக்கு அது பிடிக்கவில்லை. மறுக்கவும் முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, லின்னின் வாகனத்தில் நேசன் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லியும் கேளாமல் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான். வாசலில் வைத்து, "போட்டு வாறன்" என்றேன். "ஓம் அக்கா, கவனம்" என்றான். என் தலையைச் சாய்த்து அவன் நெஞ்சில் ஒரு கணம் வைத்தேன். அவன் என் முதுகில் கை வைத்தான். பின் எடுத்துவிட்டான். "மருந்தை விட்டிடாதை" என்றேன். நான் உள்ளே போன பிறகு, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பது தெரிந்தது. விமானப் படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவன் எனக்குக் கையைக் காட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற ஒருவரோடு ஏதோ கதைத்துக்கொண்டு வாகனத்தை நோக்கி நடந்தான். அவசரமில்லாத நடை. அந்த ஊர்க்காரனின் நடை.

விமானம் மேலெழுந்து ஒருபக்கம் சரிந்தது. கீழே வாய்க்கால் பாய்ந்த பச்சை வயல்கள், அவற்றைச் சுற்றிச் சிவப்பு. வயல்களின் ஓரங்களில் தகரக் கூரைகள் வெயிலில் பளபளத்தன. அவனுடைய கொட்டகை எது என்று தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, ஒரே அளவில், ஒரே வெள்ளை வெளிச்சத்தில். யாரிடமும் கேட்க முடியாது. கடைசியில் ஒரு கூரையைத் தெரிவுசெய்து, அதுதான் என் தம்பியின் வீடு என்று வைத்துக்கொண்டேன். இறக்கை வந்து மறைக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.